மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது கடிதம்

அன்புள்ள ஐயா,

காவேரிப்பட்டணம் பக்கம் மாங்கூழ் பேக்டரியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். வயது 27. லேபில் வேலை செய்யும் ஒருவரை ரொம்பப் பிடித்திருக்கிறது. அவருக்கு 25. நேரில் சொல்ல வாய் வரவில்லை. நான்கு பக்கம் எழுதி இணைத்திருக்கிறேன். அவர் சாப்பாட்டுப் பையில் வைத்துவிடட்டுமா, தோழியிடம் கொடுத்தனுப்பட்டுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

சாப்பாட்டுப் பை வேண்டவே வேண்டாம். சாயங்காலம் டிபன் பாக்ஸைக் கழுவ எடுப்பது அநேகமாக அம்மாவாக இருக்கும். தோழியும் வேண்டாம். அதியமானுக்காக ஔவை தொண்டைமானிடம் தூது போன சீமைதான் நம்முடையது. ஆனால் உங்கள் தூது மறுநாள் டீ வேளைக்குள் லோடுமேன்கள் வரை போய்விடும். ஊருக்கே தெரிந்தபின் அவரால் நிம்மதியாக 'வேண்டாம்' சொல்ல முடியாது.

முதல் இரண்டு பக்கம் முழுக்க 'உயிரே', 'தேவதையே'. பெயரை மாற்றினால் ஓசூரில் யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். நாலாம் பக்கத்தில் 'நீ இல்லையென்றால்' என்று ஒரு பத்தி. எழுதுகிறவருக்கு அது உருக்கம், வாங்குகிறவருக்கு மிரட்டல். அடித்துவிடுங்கள்.

மூன்றாம் பக்கத்தில் போகிற போக்கில் ஒன்று சொல்லியிருக்கிறீர்கள்: பெங்களூரா ரக மாங்காய் லோடு இறங்கும்போது அதன் பால் பட்டு ஒருவர் கை வெந்ததும், அவர் லேபிலிருந்து ஓடிவந்து குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டதும். கடிதம் அங்கேதான் இருக்கிறது. இப்படி எழுதலாம்:

'அன்றைக்கு லோடு இறக்கிய அண்ணன் கையை நீங்கள் கழுவிவிட்டது மனசிலேயே நிற்கிறது. எனக்கு உங்களைப் பிடித்திருக்கிறது. லீவு நாளில் ஒரு காபி சாப்பிட்டுப் பேசலாமா? விருப்பமில்லையென்றால் பதில் சொல்ல வேண்டியதில்லை, மறுபடி கேட்க மாட்டேன். வேலையில் எப்போதும்போல் இருப்பேன்.'

கீழே உங்கள் பெயர். பெயரில்லாக் கடிதம் வந்தால் பாவம், அவர் பேக்டரியில் எல்லோர் முகத்தையும் சந்தேகத்தோடு பார்க்க வேண்டியிருக்கும். நேரில் 'வாங்க போங்க' என்றால் தாளிலும் 'நீங்கள்'தான். பாதி ஏ4 தாள் போதும். பால்பாயின்ட் பேனாவில் எழுதுங்கள். ஜெல் மை சட்டைப்பை வியர்வையில் இழுகிவிடும். இரண்டு இரவு வைத்திருந்து வாய்விட்டுப் படியுங்கள், நாக்கு கூசும் சொல்லை எடுத்துவிடுங்கள். கடைசி இரண்டு வரியில் மட்டும் கை வைக்காதீர்கள். ஒரு வாரம் பதில் வராவிட்டால் அதுவே பதில்.

ஜூன், ஜூலை சீசனில் நைட் ஷிப்ட் ஓடும்போது நீட்டாதீர்கள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தும் கொடுக்காதீர்கள். தன் ஸ்டாப் வரும்வரை அவர் எங்கே போவார்? வேலை முடிந்து கிளம்பும்போது, வெளிச்சத்தில், கையில் கொடுத்துவிட்டு நீங்கள் முதலில் நகர்ந்துவிடுங்கள். ரிஜிஸ்டரிலிருந்து நம்பர் எடுத்து வாட்ஸ்அப் அனுப்பும் யோசனை இருந்தால் அதையும் இப்போதே விட்டுவிடுங்கள்.

ரிஜிஸ்டர் என்றதும்தான் உறைக்கிறது. கணக்குப் பிரிவு என்கிறீர்களே, அவருடைய ஓவர்டைமும் சம்பளமும் உங்கள் கை வழியாகவா போகிறது? அப்படியென்றால் அந்த வேலை வேறொருவர் கைக்கு மாறும்வரை தாள் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.