பதில்: மலையில் கால் பிசகினால் ஆளைக் கூப்பிடலாமா?

கோவை பக்கத்துல ஏழு மலை ஏறிப் போற வெள்ளியங்கிரியில இருந்து இறங்கும்போது நண்பருக்குக் கணுக்கால் மடங்கிடுச்சு, "இதுக்குப் போய் ஆளைக் கூப்பிடறதா"ன்னு தயங்கி ராத்திரி வரைக்கும் தோளில் தாங்கியே இறக்கினோம், சரியான்னு கேட்டிருக்கீங்க. என்னைக் கேட்டா, கூப்பிட்டிருக்கணும்.

நொண்டியாவது நாலு எட்டு தானா வைக்க முடியுதா பாருங்க. அடுத்து, கணுக்காலின் ரெண்டு பக்கமும் புடைச்சிருக்கிற எலும்போட பின்விளிம்பை அழுத்திப் பாருங்க. எட்டு வைக்க முடியல, இல்ல அழுத்தினா உயிர் போகுதுன்னா முறிவுன்னே வச்சுக்கங்க. விரல் சில்லிட்டு வெளுத்தாலோ மரத்தாலோ யோசிக்கவே வேண்டாம், உடனே ஆளைக் கூப்பிடுங்க. தலையில் அடிபட்டு வாந்தி, உளறல், அப்புறம் நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் இதெல்லாமும் அப்படித்தான்.

மேலே ஆம்புலன்ஸ் வராது, டோலி கட்டி ஆள்தான் தூக்கணும். அதனால வெளிச்சம் இருக்கும்போதே சொல்லிடுங்க. இருட்டினப்புறம் தூக்குறவங்களுக்கும் ஆபத்து. சிக்னல் இருந்தா 112 இல்ல 108. இல்லாட்டி இறங்குற யாரிடமாவது எத்தனையாவது மலை, என்ன காயம்னு எழுதிக் கொடுத்து, பூண்டி அடிவாரத்தில் வனத்துறைக்குச் சொல்லச் சொல்லுங்க. அதுவரை மூங்கில் தடியையும் துண்டையும் வச்சு அசையாம கட்டுங்க. நீவி விடறேன்னு கிளம்புற பெரியவர்களைக் கும்பிட்டு அனுப்பிடுங்க.

வீக்கம் இன்னும் இருந்தா நாளைக்கே ஒரு எக்ஸ்ரே எடுத்துடுங்க.