டல்லாஸ் பையர்ஸ் கிளப் படத்தில் ஏ.இசட்.டி. என்ற எய்ட்ஸ் மருந்தை விஷம் மாதிரி காட்டுகிறார்களே, உண்மையா?

பாதிதான் உண்மை. கெடுத்தது மருந்து அல்ல, கொடுத்த அளவு.

2013இல் வந்த படம் அது. டல்லாஸில் எலக்ட்ரீஷியனாக இருந்த ரான் உட்ரூஃபுக்கு எய்ட்ஸ் என்று சொல்லி டாக்டர்கள் முப்பது நாள் கெடு வைக்கிறார்கள். அமெரிக்காவில் அனுமதியில்லாத மருந்துகளை மெக்சிகோவிலிருந்து கொண்டுவந்து கிளப் தொடங்குகிறார். மருந்தை விற்றால் குற்றம். அதனால் மாதம் 400 டாலர் உறுப்பினர் கட்டணம், மருந்து இலவசம்.

படத்தின் வில்லன் ஏ.இசட்.டி. ஆனால் 1986 சோதனையில் வெற்று மாத்திரை சாப்பிட்ட 137 பேரில் 19 பேர் இறந்தார்கள், ஏ.இசட்.டி. சாப்பிட்ட 145 பேரில் ஒரே ஒருவர். அதைப் பார்த்ததும் சோதனையைப் பாதியில் நிறுத்திவிட்டு எல்லோருக்கும் மருந்தைக் கொடுத்தார்கள். 1987 மார்ச்சில் அனுமதி கிடைத்தது.

வினை டோஸில் இருந்தது. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை 250 மி.கி., அதாவது ஒரு நாளைக்கு 1,500 மி.கி. நடுராத்திரியிலும் அலாரம் வைத்து எழுந்து விழுங்க வேண்டும். எய்ட்ஸை உண்டாக்கும் எச்.ஐ.வி. வைரஸ் தன் மரபுச்சரத்தைக் கோக்கும்போது தைமிடின் என்ற கண்ணி உட்கார வேண்டிய இடத்தில் இந்த மருந்து போய் உட்காரும். இதில் அடுத்த கண்ணியை மாட்டக் கொக்கி கிடையாது. சரம் அங்கேயே நின்றுவிடும். ஆனால் அளவு கூடினால் எலும்பு மஜ்ஜையும் அடிவாங்கும். ஹீமோகுளோபின் இறங்கும், வெள்ளணுக்கள் குறையும். ஏற்கெனவே நலிந்துபோன உடம்பு அது. பலருக்கு ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. 1990இல் டோஸை 600 மி.கி. ஆக்கினார்கள். பலன் குறையவில்லை, பக்கவிளைவு குறைந்தது.

இன்னொரு குறை, ஒற்றை மருந்தாகக் கொடுத்தது. சில மாதங்களிலேயே வைரஸ் உருமாறித் தப்பித்துக்கொள்ளும். 1996 வாக்கில் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்த பிறகுதான் அந்த வழி அடைபட்டது.

படம் கொண்டாடும் மருந்துகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். டி.டி.சி. ஏ.இசட்.டி.யின் சொந்தக்கார மருந்துதான். கால் நரம்புகளைக் கெடுத்துப் பாதம் தீயாய் எரியவைக்கும், கணையத்தையும் வீங்கவைக்கும். பெப்டைட் டி பின்னால் நடந்த சோதனையில் பலன் தரவில்லை.

மருந்துக்காக நோயாளிகள் நடத்திய போராட்டம் மட்டும் அப்பட்டமான உண்மை. சாகக் கிடந்தவர்களால் அனுமதி வரும்வரை வருடக்கணக்கில் காத்திருக்க முடியாது. 1988 அக்டோபரில் ஆக்ட் அப் என்ற எய்ட்ஸ் போராட்ட அமைப்பினர், மருந்துகளுக்கு அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் தலைமையகத்தை முற்றுகையிட்டார்கள். சொந்த உபயோகத்துக்கு மூன்று மாத மருந்தைக் கொண்டுவர வழிவிட்டதும், 1992இல் விரைவு அனுமதி முறை வந்ததும் இவர்கள் கொடுத்த நெருக்கடியால்தான்.

1994இல் இதே ஏ.இசட்.டி.யைக் கர்ப்பிணிகளுக்கும் பிறந்த குழந்தைகளுக்கும் கொடுத்தபோது, குழந்தைக்குத் தொற்றுவது 25.5 சதவீதத்திலிருந்து 8.3 சதவீதமாக இறங்கியது. படத்தின் கடைசியில் வரும் எழுத்துகளும், குறைந்த டோஸ் ஏ.இசட்.டி. கூட்டுமருந்துகளில் சேர்ந்து லட்சக்கணக்கான உயிர்களைக் காத்ததை ஒப்புக்கொள்கின்றன. அதற்குள் பலர் டிவியை அணைத்துவிடுகிறார்கள்.

எச்.ஐ.வி. சிகிச்சை தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் கொடுக்கும் மாத்திரை அட்டையில் ஜிடோவுடின் என்று இருந்தால், அது இதே மருந்துதான். படத்தைப் பார்த்துப் பயந்து தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள். களைப்போ மூச்சிரைப்போ இருந்தால் உடனே மையத்துக்குப் போய் ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லுங்கள். குறைந்திருந்தால் வேறு மருந்துக்கு மாற்றுவார்கள்.