தூசி இருமல்தானே என்று விட்டுவிடலாமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு டீ ஃபேக்டரியில், தூள் சலிக்கிற பகுதியில் வேலை செய்கிறேன். எச்.ஐ.வி. இருப்பது தெரிந்து ஏழு வருடம் ஆகிறது, எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மாத்திரையை ஒருநாளும் விட்டதில்லை. அதை வாங்க மையத்துக்குப் போகும்போதெல்லாம் இருமல், காய்ச்சல், எடை குறைவு, ராத்திரி வியர்வை இருக்கிறதா என்று கேட்பார்கள். போன வாரம் போனபோது, பத்து நாளாக இருமல் இருந்தும் 'இல்லை' என்று சொல்லிவிட்டேன். ஃபேக்டரித் தூசி, மலைக் குளிர், எங்கள் லைன் வீடுகளில் எல்லோரும்தான் இருமுகிறார்கள். சளி எடுக்கச் சொன்னால் மதிய பஸ் போய்விடும், ஊருக்கும் விஷயம் தெரிந்துவிடும். டி.பி. வராமலிருக்க என்று ஆறு மாத மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், இன்னும் பிரிக்கவில்லை. நோயே இல்லாதவளுக்கு எதற்கு மாத்திரை? ஆரம்பிக்கட்டுமா, வேண்டாமா?
- பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

பதில்: சகோதரி, அந்த ஆறு மாத மாத்திரையை இப்போது ஆரம்பிக்காதீர்கள். ஏ.ஆர்.டி.யை எப்போதும்போல விடாமல் சாப்பிடுங்கள், அடுத்த தேதி வரட்டும் என்று காத்திருக்காமல் இந்த வாரமே மையத்துக்குப் போய், "போன தடவை இருமலைச் சொல்லாமல் விட்டுட்டேன்" என்று நர்ஸிடமோ கவுன்சலரிடமோ சொல்லிவிடுங்கள். திட்டினால் திட்டட்டும், சொல்லாமல் இருப்பதால் வரும் ஆபத்து அதைவிடப் பெரியது.

ஏன் என்று சொல்கிறேன். உங்களிடம் கொடுத்திருப்பது அநேகமாக ஐசோனியாசிட் என்ற டி.பி. மருந்து, கூடவே கை கால் மரத்துப்போகாமல் இருக்க பி6 வைட்டமின். நம்மில் நிறையப் பேர் உடம்பில் டி.பி. கிருமி எந்தத் தொந்தரவும் கொடுக்காமல் அடங்கியே கிடக்கும், எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு அது கிளம்பி நோயாகும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம், ஏ.ஆர்.டி. அதை வெகுவாகக் குறைக்கும், ஆனால் முழுசாகத் துடைத்துவிடாது. அடங்கிக் கிடக்கும் கிருமியைத் தீர்க்கத்தான் இந்த மாத்திரை, அதனால் நோய் இல்லாதவர்களுக்குத்தான் இதைக் கொடுப்பார்கள். ஆனால் கிருமி ஏற்கெனவே கிளம்பியிருந்தால் கதை வேறு. அப்போது ஆரம்பத்தில் நான்கு மருந்துகள் சேர்ந்து வேண்டும். ஒரே ஒரு மருந்தைக் கொடுத்தால் அதற்கு மசியாத கிருமிகள் மட்டும் பிழைத்துப் பெருகி, சாதாரண டி.பி. மருந்துக்குக் கட்டுப்படாத டி.பி.யாக மாறிவிடலாம். அந்த நான்கு கேள்விகளுக்கும் 'இல்லை' என்று வந்தால்தான் இந்த மாத்திரையைக் கையில் கொடுக்கிறார்கள். நீங்கள் சொன்ன ஒரு 'இல்லை'யை நம்பித்தான் கொடுத்திருக்கிறார்கள்.

தூசி இருமல் என்கிறீர்கள். இருக்கலாம், இல்லை என்று நான் சொல்லவில்லை. மற்றவர்களுக்கு இரண்டு வாரம் இருமினால் சந்தேகப்படு என்பது பொதுவான கணக்கு. உங்களுக்கு அந்தக் கணக்கே கிடையாது, இரண்டு நாள் இருமல் என்றாலும் சொல்ல வேண்டும். மலையில் இன்னொரு சிக்கல் உண்டு. வருஷம் முழுக்க ஸ்வெட்டர் போட்டுக்கொண்டிருப்பதால் உடம்பு இளைப்பது நமக்கும் தெரியாது, பார்ப்பவர்களுக்கும் தெரியாது. ராத்திரி ரவிக்கை நனைந்திருந்தால் இரண்டு கம்பளி போர்த்தியதால் வேர்த்தது என்று நினைத்துக்கொள்வோம். அதனால் எடை பார்க்கும்போது ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு நில்லுங்கள், உங்கள் ஏ.ஆர்.டி. புத்தகத்தில் போன சில முறை எழுதிய எடையையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். கழுத்திலோ அக்குளிலோ நெறி கட்டியிருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள், எச்.ஐ.வி. இருக்கும்போது டி.பி. நுரையீரலை விட்டு வேறு இடங்களிலும் வரும்.

அப்புறம் சளிப் பரிசோதனை. எச்.ஐ.வி. உள்ளவர்களின் சளியில் கிருமி குறைவாக இருக்கும் என்பதால் மைக்ராஸ்கோப்பில் தப்பிவிடும், எக்ஸ்ரேகூட சிலசமயம் சுத்தமாகத் தெரியும். அதனால்தான் உங்களைப் போன்றவர்களுக்கு நேரடியாக சிபிநாட் அல்லது ட்ரூநாட் சோதனை செய்கிறார்கள். கிருமியின் மரபணுவையே தேடும் சோதனை அது, டி.பி.க்கு முக்கியமான ரிஃபாம்பிசின் மருந்து வேலை செய்யுமா என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடும், இலவசம். டப்பா கொடுத்தால் எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிட்டு வராதீர்கள், தயவுசெய்து. காலையில் எழுந்ததும் வெறும் தண்ணீரில் வாயைக் கொப்பளியுங்கள், வீட்டுக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில், பக்கத்தில் ஆள் இல்லாமல் நின்று இரண்டு மூன்று தடவை மூச்சை ஆழமாக இழுத்து நிறுத்தி, நெஞ்சின் அடியிலிருந்து இருமி எடுங்கள். கெட்டியாக, அரை டீஸ்பூனுக்குக் குறையாமல் இருக்கட்டும், மூடியை இறுக்கி மூடுங்கள். வறட்டு இருமல், சளியே வரவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள், உப்புநீர் ஆவி பிடிக்க வைத்து எடுக்க வழி உண்டு. டப்பாவை முந்தின தடவையே வாங்கி வைத்துக்கொள்ளலாமா, பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில் கொடுக்கலாமா என்று கேட்டுப் பாருங்கள், பஸ் பிரச்சினைக்கு அது வழியாகலாம்.

அதற்கு நடுவில் மெடிக்கல் ஷாப்பில் 'இருமலுக்கு ஐந்து நாள் மாத்திரை' வாங்கிச் சாப்பிட வேண்டாம். லீவோஃப்ளாக்ஸசின் மாதிரியான சில ஆன்டிபயாட்டிக்குகள் டி.பி.யைக் கொஞ்ச நாள் அமுக்கி வைத்து, கண்டுபிடிப்பதைத் தள்ளிப்போட்டுவிடும்.

ஊருக்குத் தெரிந்துவிடும் என்ற பயம் எனக்குப் புரிகிறது, லைன் வீட்டில் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் இருமினாலே கேட்கும். ஆனால் சளிப் பரிசோதனை யாருக்கு வேண்டுமானாலும் செய்வது, அதை வைத்து எச்.ஐ.வி. என்று யாரும் முடிவுகட்ட முடியாது. உங்கள் எச்.ஐ.வி. நிலையை உங்கள் சம்மதமில்லாமல் வெளியே சொல்வது 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்த எச்.ஐ.வி. சட்டப்படி பொதுவாகத் தடை செய்யப்பட்டது. டி.பி. என்று வந்தால் சுகாதார ஊழியர்கள் வீட்டுக்கு வரலாம், முன்கூட்டி போன் செய்துவிட்டு வாருங்கள் அல்லது வேறு இடத்தில் பார்க்கலாம் என்று தயங்காமல் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் எச்.ஐ.வி. உதவி எண் 1097-க்குப் பேசுங்கள், கட்டணம் கிடையாது.

டி.பி. என்றே வந்தாலும் குணமாகிற நோய், பொதுவாக ஆறு மாத சிகிச்சை, சத்துணவுக்கு மாதம் 1000 ரூபாய் உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். ஒன்றை மட்டும் மறக்காமல் கேளுங்கள்: உங்கள் ஏ.ஆர்.டி.யில் டோலுடெக்ராவிர் இருந்தால், ரிஃபாம்பிசின் அதன் வேகத்தைக் குறைத்துவிடும், அதனால் டி.பி. சிகிச்சை நடக்கும்போது அதை ஒரு வேளைக்குப் பதில் இரண்டு வேளை கொடுப்பார்கள். தனியார் டாக்டரிடம் போனாலும் இரண்டு மருந்துச் சீட்டையும் காட்டுங்கள்.

டி.பி. இல்லை என்று உறுதியானால் அன்றைக்கே டாக்டரிடம் கேட்டுவிட்டு அந்த ஆறு மாத மாத்திரையைத் தொடங்குங்கள், பாதியில் விடாதீர்கள். வாந்தி, பசியே இல்லாமை, கண் மஞ்சள், சிறுநீர் கறுத்துப் போவது, இதில் எது வந்தாலும் நிறுத்திவிட்டு மையத்துக்கு ஓடுங்கள். பரிசோதனை செய்வதற்கு முன்பே மூச்சு வாங்கினாலோ, சளியில் ரத்தம் வந்தாலோ, தலைவலியோடு வாந்தியும் குழப்பமும் வந்தாலோ எந்தத் தேதிக்கும் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.