அரிப்புக் கோட்டையில் குடிக்கத் தண்ணீர்

கேள்வி: மன்னார் மாவட்டத்தில் கடலோரமாக இருக்கிற அரிப்பு என்ற ஊருக்குப் போனபோது, கடலுக்குள் விழப்போகிற மாதிரி நிற்கிற ஒரு செங்கல் கட்டடத்தைக் காட்டி அல்லி ராணி கோட்டை என்றார்கள். உண்மையா? பக்கத்தில் உப்புக் கடல், அங்கே இருந்தவர்கள் எதைக் குடித்தார்கள்?
- வாசகி, செட்டிகுளம்

பதில்: அல்லி ராணி கதை ஊரில் ஆழமாக ஊறிய கதை, சொல்கிறவர்களோடு சண்டைக்குப் போகாதீர்கள். ஆனால் நீங்கள் பார்த்தது வெள்ளைக்காரன் கட்டடம். 1798 முதல் 1805 வரை இலங்கையின் ஆங்கிலேயத் தேசாதிபதியாக (ஆளுநராக) இருந்த பிரெடெரிக் நோர்த் 1801க்கும் 1804க்கும் இடையில் கட்டுவித்தது, பெயர் டோரிக். கிரேக்கத் தூண் பாணி என்பதால் அந்தப் பெயர். மன்னார்க் கடலில் முத்துக்குளிப்பு நடக்கும்போது கிட்ட இருந்து மேற்பார்வை செய்யத்தான் அங்கே வீடு, முத்து வருமானத்தை யார் கண்ணை மூடிக்கொண்டு விடுவார்கள்? உள்ளே வெறும் செங்கல்தான், மேலே சுண்ணாம்புச் சாந்தைப் பூசிப் பளபளப்பாக்கியிருந்தார்கள். இப்போது சாந்து உதிர்ந்து கல் தெரிகிறது.

சரி, தண்ணீருக்கு வருவோம். எனக்குத் தூண்களைவிட இதுதான் சுவாரசியம். மணலில் இறங்குகிற மழைநீர் உப்புநீரைவிட இலேசானது, ஆகவே அதன்மேல் மிதந்துகொண்டு நிற்கும். கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்ல தண்ணீர் இருந்தால் கீழே சுமார் 40 அடிவரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது பொதுவான கணக்கு. அதனால்தான் கரையோரச் சனம் மணலில் ஆழமில்லாமல் பூவல் என்கிற சிறு கிணற்றைத் தோண்டி வாளியால் பையப் பைய அள்ளுகிறது. ஆசைப்பட்டு ஆழமாக வெட்டினாலோ, மோட்டர் பூட்டி ஒரேயடியாக இறைத்தாலோ அடியிலிருக்கிற உப்பு மேலே ஏறும், அப்புறம் அந்தக் கிணறு சவர்தான். அருவி ஆறும் அந்தப் பக்கத்தில்தான் கடலில் விழுகிறது, அதுவும் அரிப்புக்கு ஒரு கொடுப்பினை. ஆனால் அந்தக் காலத்தில் முத்துக்குளிப்பு நடந்ததோ மாசி, பங்குனியை ஒட்டி, மழை போய்விட்டிருக்கும். கரையில் ஆயிரக்கணக்கில் சுழியோடிகளும் வியாபாரிகளும் கூடிய நேரத்தில்தான் தண்ணீரும் வற்றத் தொடங்கியிருக்கும்.

கேள்வி: திரும்பவும் பிள்ளைகளோடு போகலாமா?
- அதே வாசகி

பதில்: தாராளமாக. ஆனால் சுவருக்குக் கீழே கடற்கரையில் நிற்க விடாதீர்கள். அலை கரையை அடியிலிருந்து அரிக்கிறது, ஏற்கெனவே துண்டு துண்டாக விழுந்துகொண்டிருக்கிறது. குடிக்கத் தண்ணீரும் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள்.