வாங்கும் முன் கேளுங்கள்: போர் வரலாற்று நூல்களின் படங்கள்

கேள்வி: இரண்டாம் உலகப்போர் யுத்த தாங்கிகள் பற்றிய ஆங்கில நூல் ஒன்றை இணையத்தில் எடுப்பித்தேன். எழுத்துத் துப்பரவாக இருக்கிறது. புகைப்படங்கள் மட்டும் கருமை ஏறி, மேலே அலை அலையாய்க் கோடு விழுந்திருக்கின்றன. சில்லு எது, நிழல் எது என்று பிரித்தறிய முடியவில்லை. கள்ளப் பதிப்பா?
(வாசகர், சுன்னாகம்)

பதில்: கருமைக்கும் அலைக்கும் காரணம் ஒன்றல்ல.

கருமை பெரும்பாலும் தாளின் குறை. கறுப்பு மையால் மட்டும் அச்சிடும்போது சாம்பல் நிறம் என்று தனியாக ஒன்று இல்லை. சிறிதும் பெரிதுமான கறுப்புப் புள்ளிகளே நம் கண்ணுக்குச் சாம்பலாகத் தெரிகின்றன. பூச்சில்லாத தாளில் மை ஊறிப் பரவ, புள்ளி பருக்கும். நிழற்பகுதியில் புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டி, சில்லுக்குப் பின்னால் உள்ள எல்லாவற்றையும் மூடிவிடும். முந்திய பதிப்புகளில் படங்களை மட்டும் வழுவழுப்பான ஆட் தாளில் தனிக் கட்டாகச் சேர்த்தது இதற்காகத்தான். செலவைக் குறைக்கும் மறுபதிப்புகளில் அவற்றையும் எழுத்துத் தாளிலேயே ஓட்டிவிடுகிறார்கள்.

அலைக்கோடு வந்தால் விஷயம் வேறு. மூலப் புகைப்படம் கையில் இல்லாமல், ஏற்கெனவே அச்சான பக்கத்தை ஸ்கேன் பண்ணித் திரும்ப அச்சிட்டிருக்கிறார்கள். பழைய புள்ளி வரிசையும் புதிய புள்ளி வரிசையும் மோதும்போதுதான் அந்த அலை எழும். நகை வேலை செய்பவர்கள் பாவிக்கும் 10 மடங்கு வில்லையால் பாருங்கள். ஒழுங்கான அச்சில் புள்ளிகள் ஒரே சாய்வில் வரிசையாய் நிற்கும். உங்களுடையதில் திட்டுத் திட்டாகக் கூடியும் கலைந்தும் கிடக்கும்.

இதை வைத்து மட்டும் கள்ளப் பதிப்பு என்று சொல்லிவிட முடியாது. கடைசிப் பக்கத்தில் அச்சிட்ட இடமும் திகதியும் பட்டைக்குறியும் இருந்தால், அது கேட்கும்போது ஒவ்வொரு பிரதியாக அச்சிடும் முறை. பெயர்பெற்ற பதிப்பகங்களும் அப்படிச் செய்கின்றன. உரிமைப் பக்கத்தில் பதிப்பகத்தின் பெயரே இல்லாவிட்டாலோ, உள்ளே இருக்கும் ஐஎஸ்பிஎன் (நூலின் சர்வதேச அடையாள இலக்கம்) பின்னட்டை இலக்கத்தோடு பொருந்தாவிட்டாலோ சந்தேகப்படுங்கள்.

அடுத்த முறை விற்பவரிடம் அட்டைப் படம் கேட்காதீர்கள், எல்லாரும் அதைத்தான் அனுப்புவார்கள். உள்ளே புகைப்படம் உள்ள ஒரு பக்கத்தைக் கைபேசியில் நேராக எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஜேர்மன் கூட்டாட்சி ஆவணக் காப்பகம் 2008இல் பெருந்தொகைப் படங்களை விக்கிமீடியா கொமன்ஸ் என்ற இலவசப் படக் களஞ்சியத் தளத்தில் இட்டது. அதே படம் அங்கே கிடைத்தால் ஒப்பிடுங்கள். அங்கே தாங்கியின் பீரங்கிக் கோபுரத்து இலக்கம் வாசிக்க முடிந்து நூலில் முடியாவிட்டால் பிழை அச்சில். அங்கேயும் மங்கல் என்றால் பதிப்பகத்தைக் குறை சொல்ல முடியாது.

வெளிநாட்டுத் தளம் என்றால் அந்தத் தளத்தின் திருப்பி அனுப்பும் காலக்கெடுதான் உங்கள் பிடி. உள்ளூர்க் கடையில் வாங்கியிருந்தால் பற்றுச்சீட்டோடு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுதலாம்; தொலைபேசி 1977.

கேள்வி: மாதிரி விமானம் செய்கிறேன். நூலில் 1/72 அளவு வரைபடம் என்று போட்டிருக்கிறது. நம்பலாமா?
(மாணவர், பருத்தித்துறை)

பதில்: அடிமட்டத்தை எடுங்கள். உதாரணமாக, ஸ்பிட்ஃபயர் என்ற பிரித்தானியப் போர் விமானத்தின் முதலாம் மாதிரிக்கு இறக்கை விரிவு 11.23 மீற்றர், நீளம் 9.12 மீற்றர். 1/72இல், அதாவது 72இல் ஒரு பங்காக, முறையே 156, 127 மில்லிமீற்றர் வர வேண்டும். 148உம் 120உம் வந்தால் இரண்டும் ஏறத்தாழ 5 வீதம் சுருங்கியிருக்கின்றன. பக்கத்துக்குள் அடக்கச் சிறிதாக்கியிருப்பார்கள். போட்டோக்கொப்பியில் 105 வீதம் வைத்தால் சரியாகிவிடும். ஒன்று சுருங்கி மற்றது சுருங்காமல் இருந்தால் வரைபடமே பிழை, அதை வைத்து வெட்டாதீர்கள். நடுமடிப்பைத் தாண்டும் வரைபடத்தில் மடிப்புக்குள் சில மில்லிமீற்றர் காணாமற் போயிருக்கும், ஆகவே ஒரே பக்கத்துக்குள் முழுதாக விழும் பகுதியை அளந்து கொள்ளுங்கள்.

கேள்வி: வர்ணச் சித்திரங்களில் உள்ள சீருடை நிறம் எவ்வளவு நம்பகமானது?
(ஆசிரியர், மானிப்பாய்)

பதில்: சித்திரத்தின் அழகைப் பார்க்காமல் அதற்கான விளக்கக் குறிப்பை வாசியுங்கள். எஞ்சியிருக்கும் உடுப்பு, படை ஆணை, புகைப்படம் என்று எதை வைத்து வரைந்தார் என்று சொல்லியிருந்தால் நல்ல நூல். கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்து நிறம் ஊகிப்பதில் பெரிய பொறி உண்டு: முதலாம் உலகப்போர்க் காலத்தில் பரவலாகப் பாவித்த ஓர்தோகுரோமற்றிக் ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது. பிரித்தானிய விமானத்தின் வட்டச் சின்னத்தில் நடுச் சிவப்பு கறுப்பாகவும், வெளி நீலம் வெளிறியும் விழும். கணினி கொண்டு நிறமேற்றிய படங்களை ஆதாரமாக எடுக்கவே வேண்டாம்.

கேள்வி: யாழ்ப்பாணக் கோட்டை வரைபடம் உள்ள டச்சுக்கால நூலின் மறுபதிப்பு வாங்கலாமா?
(வாசகர், நல்லூர்)

பதில்: மூலத்தில் மடித்து வைத்த வரைபடங்களை விரிக்காமலே ஸ்கேன் பண்ணிய மறுபதிப்புகள் உண்டு, பாதி வரைபடம்தான் கிடைக்கும். படப் பட்டியலை உள்ளே இருப்பவற்றோடு எண்ணிப் பாருங்கள். வரைபடம் மட்டும் போதுமென்றால் ஹேக் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையத்தளத்தில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி வரைபடங்களைத் தெளிவாகவே பார்க்கலாம்.

பழைய பிரதி என்றால் ஆட் தாள் கட்டை முதலில் விரியுங்கள். மாரியில் ஈரம் பட்டுக் காய்ந்த ஆட் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். பிரித்தால் படம் உரிந்து வரும். அதற்குக் கழிவு கேட்டுப் பிரயோசனமில்லை, வாங்காமல் விடுங்கள்.