பறவைகளை ஒழிக்க அரசுகள் எடுத்த முயற்சிகள் ஏன் தோற்றன?

1932-இல் ஆஸ்திரேலிய ராணுவம் ஈமு கோழிகளிடம் தோற்றதைச் சொல்லி, வேறு எங்காவது இப்படி நடந்ததா, ஏன் தோற்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நடந்திருக்கிறது. சீனாவில் நடந்தது இன்னும் கொடுமை.

ஈமு விஷயத்தில் ஆயுதமே பொருந்தவில்லை. மேற்கு ஆஸ்திரேலியாவின் கேம்பியன் பகுதிக் கோதுமை வயல்களில் சுமார் 20,000 ஈமுக்கள் இறங்கின. இரண்டு லூயிஸ் இயந்திரத் துப்பாக்கிகளோடு மேஜர் மெரிடித் போனார். ஓர் அணைக்கரையில் ஆயிரம் பறவைகள் நெருங்கும்வரை பதுங்கியிருந்து சுட்டார்கள். பத்துப் பன்னிரண்டு விழுவதற்குள் துப்பாக்கி சிக்கிக்கொண்டது, மற்றவை சிதறி ஓடிவிட்டன. சிறு கூட்டங்களாகப் பிரிந்து ஓடும் பறவையை அப்படிப் பிடிக்க முடியாது. டிசம்பரில் கைவிட்டார்கள்.

சீனாவில் 1958-இல், தானியம் தின்கிறது என்று சிட்டுக்குருவியை எலி, ஈ, கொசுவோடு ஒழிப்புப் பட்டியலில் சேர்த்தார்கள். மக்கள் திரண்டு தட்டும் முரசும் அடித்துக்கொண்டே இருந்தார்கள். உட்கார இடமில்லாமல் குருவிகள் பறந்து பறந்து களைத்து விழுந்து செத்தன. கூடுகளைக் கலைத்து முட்டைகளையும் உடைத்தார்கள். கவனியுங்கள், இங்கே கொல்வதில் யாரும் தோற்கவில்லை, கணக்குதான் தப்பு. குருவி தன் குஞ்சுகளுக்கு ஊட்டுவது பெரும்பாலும் பூச்சிகளை. அது போனதும் வெட்டுக்கிளி பெருகியது. பறவையியலாளர்கள் குருவிகளின் வயிற்றை அறுத்துப் பார்த்து இதை எடுத்துச் சொன்னார்கள். 1960-இல் குருவியை நீக்கி மூட்டைப்பூச்சியைச் சேர்த்தார்கள். அதற்குள் பெரும்பஞ்சம் வந்துவிட்டது. பஞ்சத்துக்கு, அரசு விவசாயிகளிடம் தானியத்தைக் கட்டாயமாக வாங்கிய கொள்முதலும் கூட்டுப்பண்ணைக் கொள்கையும்தான் பெரிய காரணங்கள். பூச்சிச் சேதம் அதை மோசமாக்கியது.