டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் எல்லாம் மறந்துபோகிறதே!

சர்க்கரை நோய்க்கு மருந்து எடுக்கும் ஒரு வாசகி கேட்கிறார்: "டாக்டரிடம் கேட்க நினைத்தது வெளியே வந்தபிறகுதான் ஞாபகம் வருகிறது. அவர் சொன்னதும் பாதி புரிவதில்லை. திரும்பக் கேட்கப் பயம்."

இதில் உங்கள் தப்பு குறைவு. 1984-ல் அமெரிக்காவில் டாக்டர்-நோயாளி பேச்சுகளைப் பதிவு செய்து பார்த்தார்கள். பெரும்பாலானவர்களைச் சொல்லி முடிக்கவே விடவில்லை, சராசரியாக 18 வினாடியில் டாக்டர் குறுக்கே பேசிவிட்டார். வாசலில் கூட்டத்தை நிறுத்திவிட்டு, ஆளுக்கு இத்தனை நிமிடம் என்று அளந்து கொடுத்தால் வேறென்ன நடக்கும்?

அதனால் உங்களை அதிகமாகப் பயமுறுத்துவது எதுவோ அதை முதலில் சொல்லுங்கள். நிறைய பேர் எழுந்து கதவுவரை போய்விட்டு, "அப்புறம் டாக்டர், நேற்று நெஞ்சை அடைக்கிற மாதிரி இருந்தது" என்பார்கள். இரண்டு மூன்று கேள்வியைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். கிளம்புமுன், "இந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னால், இது ராத்திரி மட்டும், சரிதானே?" என்று நீங்களே ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள். உண்மையில் அப்படிச் சொல்லவைப்பது டாக்டரின் வேலை.

முக்கியமாக, "டாக்டரிடம் சொல்லாதீங்க, திட்டுவார்" என்று சொல்லி சர்க்கரைக்குப் பொடி விற்கிறவரைப் பக்கத்தில் சேர்க்காதீர்கள். வெறும் மூலிகை என்று விற்ற பொடிகளில் சர்க்கரையைக் குறைக்கும் ஆங்கில மருந்தையே கலந்திருந்தது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. அதை மறைத்துவிட்டு மாத்திரையையும் போட்டால் சர்க்கரை தடாலென இறங்கி மயங்கி விழுவீர்கள், டாக்டருக்குக் காரணமே பிடிபடாது. காத்திருக்கும் இடத்தில் வலிய வந்து பேசி, நல்ல இடம் தெரியும் என்று வேறு பரிசோதனைக்கு அழைக்கிறவரும் அப்படித்தான், அவருக்குக் கமிஷன் இருக்கும்.

கூட வருகிறவர் உங்களுக்காகப் பேசவும் விடாதீர்கள். ஆனால் காது சரியாகக் கேட்காதவர், மறதி உள்ளவர், டாக்டரின் மொழி தெரியாதவர் என்றால் துணை பேசித்தான் ஆகவேண்டும். அப்போதும் டாக்டர் நோயாளியின் முகத்தைப் பார்க்கிற மாதிரி உட்காருங்கள். மொழிபெயர்க்கச் சின்னப் பிள்ளைகளை இழுக்காதீர்கள், அம்மாவின் மாதவிடாய் பற்றி எட்டு வயதுப் பையன் எப்படிச் சொல்வான்? வீட்டார் முன்னால் வாய்விட்டுச் சொல்ல முடியாததும் இருக்கும், அதற்காக இரண்டு நிமிடம் துணையை வெளியே இருக்கச் சொல்லுங்கள்.